கிண்ணம் உடைத்துக் காட்டிய பாடம்

எங்கள் பழைய மாலைப் பள்ளியில் இப்போது படம் அச்சடித்த அட்டைகளை வைத்து ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஓர் அட்டையில் ஒருவன் கிண்ணத்தை உடைக்கிறான். அடுத்த அட்டையில் இன்னொருவன் தலையைத் தொங்கப்போட்டு நிற்கிறான். அவன் கொடுத்த வாக்கை மீறியவனாம். இரண்டு அட்டைக்கும் 'பிரேக்' என்ற ஒரே வினைச்சொல்தான். போன வாரம் புது வாத்தியார்கள் இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். "ஐயா, சீனக்காரங்க முதல் அட்டையைப் பார்த்ததும் டக்குனு பதில் சொல்றாங்க. ரெண்டாவது அட்டையைக் காட்டினா, இவனுக்கு வயித்து வலிங்கிறாங்க. உங்க காலத்துல இதை எப்படிச் சொல்லிக்கொடுத்தீங்கன்னு எழுதிக் கொடுங்க" என்று கேட்டார்கள்.

எழுதுகிறேன். ஆனால் தெளிவு கிடைக்கும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். ரங்கூனில் சீனர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்து ஓய்வும் பெற்றுவிட்டேன். இருந்தும் அந்த ஒரு வினைச்சொல் விஷயத்தில் எனக்கு இன்றுவரை தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. புரிந்த சொற்களைப் பற்றி எழுதச் சொன்னால் அரைப் பக்கத்தில் முடித்துவிடுவேன். அதைப் படிக்கவும் யாரும் மெனக்கெட மாட்டார்கள்.

என் அப்பா போட்டாதாங் படகுத்துறையில் மூட்டை எண்ணும் வேலை பார்த்தவர். மகன் நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. படித்தேன், வாத்தியார் பயிற்சி முடித்தேன், நம்மவர் குழந்தைகளுக்குச் சில வருஷம் பாடம் சொன்னேன். வாத்தியாருக்கும் நின்றுகொண்டுதான் வேலை என்று அப்பாவுக்குத் தெரிந்தபோது அவர் முகம் போன போக்கை மறக்க முடியாது. அதன் பிறகுதான், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், சீனத் தெருவில் ஒரு மாலைப் பள்ளியில் வேலை கிடைத்தது.

பள்ளி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். கீழே அரிசிக் கடை, மேலே மரத்தளம் போட்ட ஒரே கூடம். ஏறுவதற்குள் ஊதுபத்தி வாசனையும் பன்றிக்கொழுப்பு வறுபடும் வாசனையும் சேர்ந்து நம்மோடு மாடிப்படி ஏறிவிடும். மாணவர்கள் எல்லோரும் வளர்ந்த ஆட்கள், வேலை முடிந்து வருகிறவர்கள். ரங்கூன்காரர்கள் சீனர்களை இரண்டாகப் பிரித்து 'நீளக்கை', 'குட்டைக்கை' என்பார்கள். நீளக்கைச் சட்டைக்காரர்கள் கடையிலும் கம்பெனியிலும் எழுத்து வேலை பார்க்கும் ஹொக்கியன்காரர்கள். குட்டைக்கைச் சட்டைக்காரர்கள் தச்சு வேலை, கருமான் வேலை பார்க்கும் கான்டன்காரர்கள். இவர்கள் பேச்சு அவர்களுக்குப் புரியாது, அவர்கள் பேச்சு இவர்களுக்குப் புரியாது. இரண்டு கூட்டமும் சண்டை போட்டுக்கொண்டது பர்மியத்தில்தான். நானும் அவர்களோடு வகுப்புக்கு வெளியே பர்மியத்தில்தான் பேசினேன். அந்தப் பேச்சுகளை இங்கே என் தமிழில் எழுதுகிறேன்.

வகுப்புக்கு உள்ளே ஆங்கிலம் தவிர வேறு மூச்சு விடக்கூடாது. அது எங்கள் தலைமை ஆசிரியர் கிரீவ்ஸ் துரையின் சட்டம். துரை நல்ல மனிதர். யாரையும் மாணவர்கள் முன்னால் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. கடைசி பெஞ்சில் குடையைக் கால் நடுவில் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் தப்பாகச் சொல்லிக்கொடுத்தால் ஒரு தடவை செருமுவார். நன்றாகச் செய்தால் இரண்டு தடவை செருமுவார், அப்படியென்றால் மேலே போகலாம். ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். ஆனால் மழைக்காலம் தொடங்கினால் அவருக்கு ஜலதோஷம் பிடித்துக்கொள்ளும், அது புத்த பிக்குகளின் மழைக்கால நோன்பு முடிகிறவரை விடாது. அந்த மாதங்களில் நான் எத்தனை பாடங்களைத் தேவையில்லாமல் திரும்ப நடத்தினேன், எத்தனை தவறுகளைத் தாண்டிப் போனேன் என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

துரையின் கொள்கை ஒன்றே ஒன்று. வினைச்சொல் முதலில் கைக்கு வர வேண்டும், பிறகு வாய்க்கு வர வேண்டும். இதற்கென்று ஒரு மரப்பெட்டி வைத்திருந்தார். நூல்கண்டு, குச்சி, துணி, மெழுகுவத்தி, கிண்ணம், ஒரு செங்கல், எல்லாம் அதில் இருக்கும். ஒரு வினையை எடுத்தால் முதல் நாள் அதன் நேர்ப்பொருள். மாணவன் அந்தச் செயலைக் கையால் செய்துகொண்டே, செய்வதை வாயால் சொல்ல வேண்டும். மறுநாள் உருவகப் பொருள். அதைச் சொல்லும்போதும் கை அதே செயலைச் செய்ய வேண்டும். கை செய்யாமல் வாய் மட்டும் சொன்னால் துரை செருமுவார். அந்தச் செருமல் எனக்குச் சந்தேகமில்லாமல் புரியும்.

இன்னொரு விதியும் உண்டு. வாக்கியத்தை வாத்தியார் கொடுக்கக்கூடாது. இடது பக்கம் இருப்பவன் கட்டளை சொல்ல வேண்டும், வலது பக்கம் இருப்பவன் அதைத் தன் வாக்கியமாக மாற்றிச் சொல்லிச் செய்து காட்ட வேண்டும். உடைந்தது, கிழிந்தது எதையும் குப்பையில் போடக்கூடாது. அடுத்த வாரம் இறந்தகாலம் நடத்த அவை வேண்டும் என்று ஒரு தகர டப்பாவில் போட்டு வைப்பார்.

இப்படித்தான் ஒரு மழைக்காலத் தொடக்கத்தில் 'பிரேக்' என்ற வினைக்கு வந்து சேர்ந்தோம். பெட்டியில் கிண்ணம் என்று இருந்தவை த்வாண்டே ஊரில் செய்த மண்சட்டிகள். செங்கல் மேல் போட்டால் 'பொத்'தென்று உட்கார்ந்துவிடும், சத்தமே வராது. துரைக்கு அது பிடிக்கவில்லை. பள்ளிக்கு எதிர்ப்புறம் மா மியா என்ற பர்மியப் பெண் மொஹிங்கா விற்றாள். அரிசி நூடுல்ஸ் மேல் மீன் குழம்பை ஊற்றித் தருவார்களே, அதுதான். விதவை, முப்பத்தைந்து வயதிருக்கும், யார் வாய்க்கும் பயப்படாதவள். அவளிடம் விளிம்பு கொஞ்சம் போன சீனக் கிண்ணங்கள் சிலவற்றை வாங்கி வந்தேன். எதற்கு என்று கேட்டாள். உடைக்க என்றேன். "படிச்சவங்களுக்கு வேற வேலை இல்லையா சயா" என்றாள். சயா என்றால் அங்கே வாத்தியார்.

முதல் நாள் நன்றாகவே போயிற்று. நூலை இழுத்து அறுத்தார்கள், பிரேக். குச்சியை ஒடித்தார்கள், பிரேக். ஒரு கிண்ணத்தைச் செங்கல் மேல் போட்டார்கள், பிரேக். அப்போது ஆ சுங் கை தூக்கினான். கான்டன் தச்சன், நாற்பது வயதுக்காரன், படகு கட்டும் பட்டறையில் வேலை. மேஸ்திரி ஆக ஆங்கிலம் வேண்டும் என்று வந்து சேர்ந்தவன். வகுப்பிலேயே அதிகம் பேசாதவன் அவன்தான்.

"நூல் வேற. குச்சி வேற. கிண்ணம் வேற. ஏன் ஒரே சொல்?" என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் தமிழிலும் அப்படித்தானே. நூல் அறும், குச்சி ஒடியும், கிண்ணம் உடையும். வாக்குத் தவறும், மௌனம் கலையும், சட்டத்தை மீறுவோம், விரதத்தை முடிப்போம். இத்தனைக்கும் இந்த வெள்ளைக்காரர்கள் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எப்படிக் குடும்பம் நடத்துகிறார்கள் என்று எனக்கு அதற்கு முன் தோன்றியதே இல்லை. அவன் என்னைப் பார்த்தான், நான் துரையைப் பார்த்தேன். துரை செருமினார், பிறகு தும்மினார். தும்மல் கணக்கில் சேருமா என்று தெரியாமல் பாடத்தை அதோடு நிறுத்தினேன்.

மறுநாள் உருவகப் பொருள். வாக்குத் தவறுவதை எந்தக் கையால் செய்து காட்டுவது என்று துரையிடம் கேட்டேன். கிண்ணத்தை உடைத்துத்தான் என்றார். வாக்குக் கொடுக்கிறேன், அதை பிரேக் பண்ண மாட்டேன் என்று சொல்லும்போது கிண்ணம் உடைய வேண்டுமா, உடையாமல் இருக்க வேண்டுமா என்று கேட்டேன். துரை வெகு நேரம் யோசித்துவிட்டு, வினை கைக்கு வர வேண்டும் என்றார். 

ஆ சுங்குக்கு இடது பக்கம் ஒரு ஹொக்கியன் குமாஸ்தா உட்கார்ந்திருந்தான், அவன் பெயரே 'தான்'. கிண்டல் பிடித்த ஆள். ஆ சுங் தினமும் வகுப்புக்கு முன்னால் மா மியா கடையில் சாப்பிடுவான். மற்றவர்கள் சாப்பிட்டு எழுந்து போன பிறகும் காலிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். தெருவில் எல்லோருக்கும் தெரியும், தானுக்குத் தெரியாமல் இருக்குமா. அவன் எழுந்து நல்ல ஆங்கிலத்தில் கட்டளை சொன்னான்: "மா மியாவைக் கல்யாணம் செய்துகொள்வதாக வாக்குக் கொடு. அதை பிரேக் பண்ணாதே."

கூடம் முழுக்கச் சிரிப்பு. ஆ சுங் சிரிக்கவில்லை. எழுந்து செங்கல் அருகே வந்தான். கிண்ணத்தை இரண்டு கையாலும் நெற்றி உயரத்துக்குத் தூக்கினான். "நான் மா மியாவைக் கல்யாணம் செய்துகொள்வதாக வாக்குக் கொடுக்கிறேன். அதை பிரேக் பண்ண மாட்டேன்" என்று ஒரு பிழையும் இல்லாமல் சொல்லிக் கிண்ணத்தை விட்டான். சில்லுகள் பெஞ்சுக்கு அடியிலெல்லாம் சிதறின.

குட்டைக்கைச் சட்டைக்காரர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். யாரும் சொல்லாமலே எழுந்தார்கள். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. நீளக்கைச் சட்டைக்காரர்கள் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாடம் நன்றாகப் பதிந்துவிட்டது, அதற்கு மரியாதை செய்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். ஆ சுங் குனிந்து ஏதோ தேடிவிட்டுத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தான். துரை செருமினார். எத்தனை தடவை என்று மழைச் சத்தத்தில் கேட்கவில்லை.

மறுநாள் வகுப்புக்கு ஆ சுங் வரவில்லை. மா மியா வந்தாள். மாடிப்படி அதிர ஏறி வந்து, கரண்டியும் கையுமாக வாசலில் நின்றாள்.

"சயா, அந்த ஆளுக்கு என்ன சொல்லிக் குடுத்தீங்க?"

வகுப்பில் பர்மியம் பேசக்கூடாது என்பதால் அவளை வராந்தாவுக்குக் கூட்டிப் போனேன். அன்று காலை கடையில் கூட்டம் நிறைந்திருந்த நேரத்தில் ஆ சுங் இரண்டு தச்சர்களைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு, ஒரு பன்றிக்கால், தேயிலைப் பொட்டலங்களுடன் வந்து நின்றானாம். நான் உன்னைக் கல்யாணம் பண்ணிக்க வேண்டியிருக்கு என்றானாம்.

"வேண்டியிருக்குன்னா என்ன அர்த்தம்னு கேட்டேன். கிண்ணம் உடைஞ்சிருச்சு, சத்தியம் ஆயிருச்சுங்கிறான். நான் வித்த கிண்ணம் சயா அது. ஓட்டைக் கிண்ணத்துக்காக என்னை ஒருத்தன் கட்டிக்கணுமா?"

"உனக்கு அவனைப் பிடிக்காதா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ, வாயில் வந்துவிட்டது.

அவள் கரண்டியைத் துடைத்தாள், துடைத்ததையே திரும்பத் துடைத்தாள். "ரெண்டு வருஷமா என் கடையில சாப்பிடுறான். சூடா இருக்கு, போதும், இந்த ரெண்டு வார்த்தைதான் இதுவரைக்கும் பேசியிருக்கான். ஊர்ல பொண்டாட்டி இல்லைன்னு விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். அவனா வந்து கேட்டிருந்தா எங்கிட்டப் பதில் இருந்திச்சு. கட்டாயத்துக்கு வர்றவனுக்கு எங்கிட்டப் பதில் இல்ல" என்றாள்.

அவளுடைய அண்ணன் த்வாண்டேயில் இருந்தான். கடையை மூடிவிட்டு வந்து தன்னோடு இருக்கச் சொல்லிக்கொண்டே இருந்தான். நோன்புக் காலம் தொடங்க அதிக நாள் இல்லை. தொடங்கிவிட்டால் அது முடிகிறவரை பர்மியர்கள் கல்யாணம் செய்ய மாட்டார்கள். அதற்குள் இவன் மனசு இவளுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கால்வாய்ப் படகில் ஏறி அண்ணனிடம் போய்விடுவது என்று தீர்மானித்திருந்தாள். "அவனுக்கு நான் வேணுமா, இல்ல கிண்ணத்துக்கு நான் வேணுமா? நீங்கதானே உடைக்கச் சொன்னீங்க, நீங்களே கேட்டுச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்தவன் கல்யாணத் தரகனாக ஆனேன். முதலில் ஆ சுங்கைப் பட்டறையில் போய்ப் பார்த்தேன். ஒரு பலகையை இழைத்துக்கொண்டிருந்தான்.

"உனக்கு அவமேல விருப்பமா?"

"கிண்ணம் உடைஞ்சுது சயா."

"அது தெரியும். விருப்பமான்னு கேக்குறேன்."

"எங்க தச்சுக் கூட்டத்துல ஒருத்தர் கிண்ணத்தைத் தூக்கி, சொல்லி, உடைச்சா முடிஞ்சுது. அதுக்கப்புறம் விருப்பத்தைக் கேக்கக் கூடாது. கேட்டா கிண்ணத்துக்கு மரியாதை இல்ல."

"அந்தக் குமாஸ்தா விளையாட்டுக்குச் சொன்னதுப்பா."

"அவன் சொன்னது விளையாட்டு. நான் உடைச்சது கிண்ணம்" என்றான். அதோடு இழைப்புளியை எடுத்துக்கொண்டான். அவன் முகத்தில் சந்தோஷமும் தெரியவில்லை, வருத்தமும் தெரியவில்லை. மரத்தூள்தான் இருந்தது.

இப்படி ஒரு வழக்கம் உண்டா என்று உறுதி செய்துகொள்ள, பீங்கான் கடை வைத்திருந்த காதர் மரைக்காயரிடம் போனேன். நாகப்பட்டினம் பக்கத்துக்காரர், எனக்கு வெகுநாள் சிநேகிதர்.

"இதென்ன மாஸ்டர் கேள்வி. கோர்ட்டுல சீனன் சாட்சி சொல்ல வந்தா சாஸரை உடைச்சுத்தான் சத்தியம் வாங்குறாங்க. அந்தச் சாஸரை விக்கிறதே நம்ம கடையிலதான். கண்ணால பார்த்திருக்கேன். பெரிய சத்தியம் மாஸ்டர் அது, விளையாட்டு இல்ல" என்றார்.

ஆக வழக்கம் உண்டு என்று முடிவு செய்துகொண்டு திரும்பினேன். வழியில் அந்தக் குமாஸ்தா எதிரே வந்தான். அவனும் பயந்துபோய்த்தான் இருந்தான். கோர்ட் விஷயத்தைச் சொன்னேன்.

"சயா, எங்கப்பாவும் ஒரு தடவை கோர்ட்டுல சாஸர் உடைச்சாரு. வீட்டுக்கு வந்து, வெள்ளைக்காரன் சத்தியம் பண்றதுக்கு ஏன்டா பாத்திரத்தை உடைக்கிறான்னு எங்களைக் கேட்டாரு. எங்கள்ல அப்படி ஒண்ணும் கிடையாது. துரைமார் எங்கேயோ கேள்விப்பட்டு ஆரம்பிச்சது. நாங்க அவங்க வழக்கம்னு நினைச்சுக்கிட்டு உடைக்கிறோம்."

"அப்ப அந்தத் தச்சர்கள் ஏன் எழுந்து நின்னாங்க?"

"குட்டைக்கைக்காரங்க எதுக்கு எழுந்திரிப்பாங்க, எதுக்கு உக்காருவாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றான்.

வெள்ளைக்காரர் சீன வழக்கம் என்கிறார், சீனன் வெள்ளைக்காரர் வழக்கம் என்கிறான், பீங்கான் விற்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். துரையிடமே போய் நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் குடையைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கவனமாகக் கேட்டார். பிறகு, வாக்கியத்தை முழுதாகச் சொன்னானா என்று கேட்டார். முழுதாகச் சொன்னான் என்றேன். பிழையில்லாமலா என்றார். ஆமாம் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கு முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

மா மியாவிடம் போய் உள்ளதை உள்ளபடி சொன்னேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, விசாரிக்க விசாரிக்கக் குழப்பம்தான் கூடுகிறது என்றேன். அவளைப் பார்க்கப் பரிதாபமாக இருந்தது. அன்று குழம்பில் உப்புக்கூடச் சரியாக விழவில்லை. அடுப்பிலிருந்து ஒரு விறகை வெளியே இழுத்துவிட்டு, "உடைஞ்ச துண்டெல்லாம் எங்க?" என்று கேட்டாள்.

துரையின் விதி அப்போது உதவிற்று. சில்லுகள் இறந்தகாலப் பாடத்துக்காகத் தகர டப்பாவில் பத்திரமாக இருந்தன. பள்ளிக்கூடம் பெருக்கும் அஞ்சலை அவற்றை ஒரு துணியில் கொட்டிக் கொடுத்தாள்.

சீனத் தெரு முனையில் உடைந்த பாத்திரம் ஒட்டுகிற கிழவர் ஒருவர் உட்காருவார். மா மியா அவர் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். நான் நின்று பார்த்தேன். சில்லுகளை ஈரத் துணியால் துடைத்துத் தரையில் பரப்பினார். எது எதோடு சேரும் என்று விரலால் தடவியே கண்டுபிடித்தார். சேர்த்ததைக் கயிற்றால் கட்டி முழங்கால் இடுக்கில் வைத்துக்கொண்டார். சிறிய வில் ஒன்றின் நாணைத் துளையூசியில் சுற்றி இப்படியும் அப்படியும் இழுக்க, ஊசி கிறீச்சென்று சுழன்று பீங்கானில் துளையிட்டது. துளை மறுபக்கம் வரக்கூடாது, பாதி ஆழம்தான். விரிசலுக்கு இந்தப் பக்கம் ஒரு துளை, அந்தப் பக்கம் ஒரு துளை, இரண்டையும் இணைத்துப் பித்தளையில் ஒரு சின்னக் கவ்வி. மெதுவாகத் தட்டினார். முட்டை வெள்ளையில் சுண்ணாம்பைக் குழைத்து விரிசலில் தேய்த்தார். முடிவில் கிண்ணத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். விளிம்புக்குக் கொஞ்சம் கீழே, கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு இல்லை.

திரும்பிப் போய் அஞ்சலையும் நானும் பெஞ்சுகளை நகர்த்தித் தேடினோம். பலகை இடுக்கில் குச்சி விட்டுக் குடைந்து பார்த்தாள். "எல்லாத்தையும் நான்தானே அள்ளுனேன் சாமி. ஒண்ணு குறைஞ்சா நான் என்ன பண்ணுவேன், எலியா தூக்கிட்டுப் போயிருக்கும்?" என்றாள். துண்டு கிடைக்கவில்லை. ஓட்டையோடு கிண்ணத்தை மா மியாவிடம் கொடுத்தேன். "இது போதும்" என்றாள்.

மறுநாள் காலை அவள் ஆள் அனுப்பி ஆ சுங்கை வரவழைத்தாள். சாட்சிக்கு அந்த இரண்டு தச்சர்களும் கூடவே வந்தார்கள். என்னையும் வரச் சொல்லியிருந்தாள். குமாஸ்தா கூப்பிடாமலே வந்து ஓர் ஓரமாக நின்றான். கடைக்குச் சாப்பிட வந்தவர்களும் இருந்தார்கள். அவள் யாரையும் போகச் சொல்லவில்லை.

கவ்வி போட்ட கிண்ணத்தை ஆ சுங் முன்னால் வைத்து, பர்மிய முறையில் 'கோ' சேர்த்து மரியாதையாகக் கூப்பிட்டாள்.

"கோ சுங், பாருங்க. நீங்க உடைச்ச கிண்ணம் இதுதான். ஒட்டியாச்சு. உடைஞ்ச கிண்ணம் இப்ப இல்ல, அதனால சத்தியமும் இல்ல. உங்களுக்கு ஒரு கட்டாயமும் இல்ல. சாட்சிக்கு வந்தவங்களும் பார்த்துக்குங்க. வழக்கம்போல சாப்பிட்டுட்டுப் போகலாம்."

சொல்லி முடித்தாள். பிறகு குழம்புப் பானைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் முதுகை மட்டும்தான் பார்க்க முடிந்தது. 

ஆ சுங் கிண்ணத்தைக் கையில் எடுத்தான். ஒரு தச்சன் இன்னொருவன் செய்த பொருத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தான். கவ்வி ஒவ்வொன்றையும் நகத்தால் நிமிண்டிப் பார்த்தான். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கினான்.  விடுதலை கிடைத்துவிட்டது என்று எழுந்து போய்விடுவானோ என்று பயந்தேன். அவனுடைய சாட்சிகளில் ஒருவன், பிரச்சினை தீர்ந்தது என்கிற மாதிரி அவன் தோளைத் தட்டினான்.

"ஒட்டலை" என்றான் ஆ சுங்.

மா மியா திரும்பினாள். "என்ன ஒட்டலை?"

"ஒரு துண்டு குறையுது."

"அது கிடைக்கலை. சயாவும் எல்லா இடமும் தேடிட்டார். அதுக்கு என்ன இப்ப?"

அவன் இடுப்பிலிருந்து புகையிலைப் பையை எடுத்து அவிழ்த்தான். புகையிலைக்கு அடியிலிருந்து ஒரு சின்னத் துணி முடிச்சை எடுத்தான். அதையும் அவிழ்த்து உள்ளங்கையில் வைத்து நீட்டினான். கட்டைவிரல் நகம் அளவுக்கு, நீலக் கோடு போட்ட பீங்கான் துண்டு.

"இது எங்கிட்ட இருக்கு. அதனால கிண்ணம் இன்னும் உடைஞ்சுதான் இருக்கு" என்றான். பிறகு, அவனுக்கு அது பெரிய பேச்சு, இன்னும் ஒரு வாக்கியம் சொன்னான். "கட்டாயம் இன்னும் இருக்கு."

தச்சர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். குமாஸ்தா வாயைப் பிளந்துகொண்டு நின்றான். மா மியா அந்தத் துண்டைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கச் சிடுசிடுப்பாகப் பேசினாள்.

"முனையில அந்தக் கிழவர் இன்னும் இருக்கார். குடுங்க, ரெண்டு நிமிஷத்துல ஒட்டிடுவார்."

ஆ சுங் உள்ளங்கையை மூடிக்கொண்டான்.

"வேண்டாம்" என்றான்.

 அவள் அந்தக் கிண்ணத்தையே வாங்கி, நூடுல்ஸ் போட்டு, விளிம்பு வரை குழம்பை ஊற்றி அவன் கையில் கொடுத்தாள். குழம்பு ஓட்டை வழியாக வழிந்து அவன் முழங்காலில் சொட்டியது. நல்ல சூடு, கால் வெந்திருக்க வேண்டும். அவன் நகராமல் உட்கார்ந்து கடைசி வரை சாப்பிட்டான். சூடாக இருக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை.

நோன்பு தொடங்குவதற்கு முன்பே கல்யாணம் நடந்தது. மா மியா த்வாண்டேக்குப் போகவில்லை, அவள் அண்ணன்தான் படகேறி விருந்துக்கு வந்தான். கிரீவ்ஸ் துரையும் குடையோடு வந்து, ஜலதோஷத்தோடு சாப்பிட்டுவிட்டுப் போனார்.

சில்லை எடுத்து வைத்துக்கொள்வதும் தச்சர்களின் சத்திய வழக்கத்தில் சேர்ந்ததா, அல்லது அவனாகச் செய்ததா என்று பிறகு எத்தனையோ பேரிடம் கேட்டேன். உண்டு என்றவர்களும் இருந்தார்கள். அப்படி ஒரு வழக்கமே இல்லை, சத்தியமும் இல்லை, சில்லும் இல்லை என்றவர்களும் இருந்தார்கள். ஆ சுங்கிடமே கேட்டேன். "கிண்ணம் உடைஞ்சுது சயா" என்றான். மா மியாவிடம் கேட்டேன். இதைப் போய் யாராவது கேட்பார்களா என்று சிரித்தாள். என் குழப்பம் அப்படியே இருக்கிறது.

ஆகவே, அந்த வினையை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று கேட்ட வாத்தியார்களே, எனக்குத் தெரியாது. அட்டையைக் காட்டுங்கள், தெருவில் நல்ல கிண்ணம் கிடைத்தால் உடைத்தும் காட்டுங்கள். உடைத்தால் சில்லுகளைப் பெருக்கி வீசிவிடாமல் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். அடுத்த வாரம் எண்ணிப் பார்க்கும்போது ஒன்று குறைந்தால், தேட வேண்டாம்.